சோர்வின் வேரைத் தேடியவர்

இரவு நன்றாக உறங்கியும் காலையில் எழ முடியவில்லை, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்வோர் மருந்துக் கடைக்குச் சென்று தாமாகவே சத்து மாத்திரை வாங்கிக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பெயர்களுள் ஃபோலிக் அமிலமும் ஒன்று. அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னையில் மருத்துவம் பயின்றவர்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைச் சிகிச்சை அரங்கிலும் கதர் அங்கியை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியின் கதவு மூடியது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியரானார். ஒருவரின் திறமையைத் தாளில் உள்ள எழுத்துகளைக் கொண்டு எடைபோடும் பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை என்பதை, தேர்வுத் தாள்களுடன் ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் நானும் அறிவேன்.

அவரைத் திசை திருப்பியது குடும்பத்தில் நேர்ந்த இழப்பு. வெப்பமண்டல நாடுகளில் காணப்படும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள்கள் இடைவெளியில் பலியாயினர். இந்நோயில் குடல் உணவின் சத்தை ஈர்த்துக்கொள்ளாது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்குப் புண், மெலிவு, இரத்தசோகை, எழுந்து நிற்கவும் இயலாத தளர்ச்சி எனப் படிப்படியாக மனிதனைத் தின்றுவிடும். சுப்பாராவையும் அது பற்றியது; ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

1923-இல் பாஸ்டன் சென்று இறங்கினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தபடி, மருத்துவமனையில் இரவுப் பணியாளாக நோயாளிகளின் கழிகலன்களைச் சுத்தம் செய்து வயிற்றைக் கழுவினார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாகத் தசையில் பாஸ்போகிரியாட்டினும், 1929-இல் ஏ.டி.பி.யும் கண்டறியப்பட்டன. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைத் தனியே கண்டார். உயிரணு தன் வேலைக்குச் செலவிடும் ஆற்றல் நாணயம் அது என்று பொருளாதார மாணவனுக்குச் சொன்னால் எளிதில் விளங்கும். களைப்பின் வேதியியலை இத்தனை ஆழத்தில் தொட்டவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை.

1940-இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லே ஆய்வகத்துக்குச் சென்றார். மும்பையில் கருவுற்ற ஏழைப் பெண்களின் இரத்தசோகை ஈஸ்ட் சாறில் தணிவதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் முன்னரே காட்டியிருந்தார். ஈஸ்டிலும் ஈரலிலும் கீரையிலும் ஒளிந்திருந்த அப்பொருள் எது என்பதுதான் கேள்வி. சுப்பாராவின் குழு அதைப் பிரித்தெடுத்து, 1945-இல் செயற்கையாகவும் தயாரித்தது. இது குறைந்தால் எலும்பு மச்சையில் சிவப்பணுக்கள் முறையாகப் பிரிந்து முதிர்வதில்லை. பருத்து, எண்ணிக்கையில் குறைந்து, பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் தவிக்கின்றன. ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இரத்தம் ஊறியது, பசி திரும்பியது. சகோதரர்களுக்குக் காலம் கடந்து கிடைத்த மருந்து.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பெர்னிஷியஸ் அனீமியா என்னும் வேறொரு சோகையிலும் ஃபோலிக் அமிலம் இரத்தத்தைச் சீராக்கியது. நரம்புகளோ உள்ளுக்குள் சிதைந்துகொண்டே போயின. அவர்களுக்குக் குறைந்திருந்தது பி12. அது படிகமாகப் பிரிக்கப்பட்டது 1948-இல்தான். களைப்பு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை விழுங்குவோர் இதை ஒரு முறையேனும் நினைத்துப் பார்க்க வேண்டும்: சோர்வு நீங்கியதாகத் தோன்றும்போதே கால் மரத்துப்போகக்கூடும். இரும்பு, பி12, தைராய்டு, சர்க்கரை எதில் பழுது என்று ஓர் இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகை உடையவர்கள் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு. அவர்களின் தளர்ச்சியை வீட்டில் சோம்பல் என்றே பெயரிட்டு அழைக்கிறோம்.

இரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் தந்தபோது நோய் விரைவுபடுவதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குத் தோன்றியது. அப்படியானால் அதற்கு எதிரான பொருள் தேவை. சுப்பாராவின் குழு தந்த அமினாப்டெரின், 1948-இல் சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோயைத் தணித்தது. இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட் அதன் உடன்பிறப்பு. யானைக்கால் நோய்க்கு நம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரையும் அவர் தலைமையில் உருவானதே.

அதே 1948-இல் ஆகஸ்ட் மாதம், 53 வயதில், நியூயார்க்கில் உறக்கத்திலேயே அவர் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெறவே இல்லை. கப்பலேறியபோது கருவுற்றிருந்த மனைவி சேஷகிரியை அதன்பின் சந்திக்கவும் இல்லை. பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தான். இந்திய அஞ்சல் துறை 1995-இல் அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது.