கமராவின் முன்னிருந்து களத்துக்கு: லீ மில்லரின் வாழ்வும் சாட்சியமும்

புதிய ஆடைகளையும் அழகு சாதனங்களையும் அறிமுகப்படுத்தி வந்த அமெரிக்க 'வோக்' சஞ்சிகையின் பக்கங்களில், 1945 ஜூன் மாதம், நாஸி வதைமுகாம்களில் குவிந்து கிடந்த சடலங்களின் புகைப்படங்கள் வெளியாகின. நவநாகரிக உலகின் வாசகர்கள் அவ்வாறான காட்சிகளை அங்கு எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அப்படங்களை எடுத்து அனுப்பியவர், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அதே சஞ்சிகையின் அட்டையைத் தமது முகத்தால் அலங்கரித்த லீ மில்லர் என்பதே இங்கு குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பொகிப்சி நகரில் 1907 ஏப்ரல் 23 ஆம் திகதி லீ மில்லர் பிறந்தார். பொறியியலாளரான தந்தை தியடோர், புகைப்படக் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். இதனால் சிறுவயது முதலே கமராவின் முன்னால் நிற்பது மில்லருக்குப் பழகிப்போயிற்று. ஆயினும் அவரது இளமைக்காலம் இனிமையானதாக அமையவில்லை. ஏழு வயதில், குடும்பத்துக்கு அறிமுகமான ஒருவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்ட அவர், அதனால் தொற்றிய நோய்க்கு நீண்ட காலம் வேதனைமிக்க சிகிச்சை பெற நேர்ந்தது. அக்கொடுமையைப் பற்றி அவர் தம் மகனிடம்கூடக் கூறவில்லை.

நியூயோர்க் நகர வீதியொன்றில் வாகனமொன்றில் மோதுண்டு விடாமல் அவரைக் காப்பாற்றியவர், 'வோக்' சஞ்சிகையின் உரிமையாளரான கொண்டே நாஸ்ட் ஆவார். அச்சந்திப்பே அவரை மொடல் அழகியாக்கியது. 1927 மார்ச் மாத இதழின் அட்டையில் அவரது உருவம் ஓவியமாக வெளியானது. எட்வேர்ட் ஸ்டைகன் உள்ளிட்ட முன்னணிப் புகைப்படக் கலைஞர்கள் அவரைப் படம் பிடித்தனர். எனினும், ஸ்டைகன் எடுத்த படமொன்று மில்லரின் சம்மதமின்றியே சுகாதார அணையாடை விளம்பரமொன்றில் பயன்படுத்தப்பட்டது. மாதவிடாயைப் பற்றிப் பேசவே தயங்கிய அக்காலச் சமூகத்தில் இது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியதோடு, அமெரிக்காவில் அவரது தொழிலையும் பாதித்தது. தமது உருவம் பிறர் கையில் எவ்வாறெல்லாம் பயன்படக்கூடும் என்பதை மில்லர் அப்போது உணர்ந்திருக்க வேண்டும்.

1929 இல் பாரிஸ் சென்ற அவர், புகழ்பெற்ற கலைஞரான மான் ரேயிடம் புகைப்படக் கலையைப் பயின்றார். அவருக்கு மாணவியாகவும் உதவியாளராகவும் காதலியாகவும் விளங்கிய மில்லர், விரைவிலேயே தனித்துவமிக்க கலைஞராக வளர்ந்தார். 1932 இல் நியூயோர்க் திரும்பிச் சொந்தமாகப் புகைப்பட நிலையமொன்றை ஆரம்பித்தார். 1934 இல் எகிப்தியரான அஸீஸ் எலூயி பேயை மணந்து கெய்ரோவில் குடியேறினார். வசதியான வாழ்க்கை அங்கு கிடைத்தபோதிலும் அவரது மனம் அதில் நிலைகொள்ளவில்லை. 1939 இல் இரண்டாம் உலக மகா யுத்தம் மூண்டபோது, பிரித்தானிய ஓவியரான ரோலண்ட் பென்ரோஸுடன் அவர் இலண்டனில் இருந்தார். நாடு திரும்புமாறு அமெரிக்கத் தூதரகம் தன் பிரஜைகளுக்கு அறிவுறுத்தியும் அவர் திரும்பவில்லை.

குண்டுவீச்சுக்கு உள்ளான இலண்டனைப் பிரித்தானிய 'வோக்' சஞ்சிகைக்காகப் படம்பிடித்த மில்லர், 1942 டிசெம்பரில் அமெரிக்க இராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற யுத்த நிருபரானார். அவர் எழுத்தாளராக உருவானதும் இந்தக் காலகட்டத்திலேயே ஆகும். 1944 கோடையில் நோர்மண்டியிலுள்ள இராணுவக் கள வைத்தியசாலையொன்றின் தாதியர் பற்றிய கட்டுரைக்காக அங்கு சென்ற அவர், படங்களோடு தமது எழுத்தையும் அனுப்பினார். ஆசிரியர் ஓட்ரி விதர்ஸ் அதற்கு உரிய இடமளித்தார். எழுதுவது மில்லருக்கு எளிதாகக் கைவரவில்லை. ஒவ்வொரு கட்டுரையையும் இறுதிக்கணம் வரை ஒத்திப்போட்டு, பெரும் மனப்போராட்டத்துடனேயே எழுதி முடித்தார். ஆனால் அவ்வாறு பிறந்த எழுத்து, அலங்காரமற்றதாகவும் கண்டதைக் கண்டவாறு சொல்வதாகவும் அமைந்தது.

அதே ஆண்டு ஓகஸ்டில், கைப்பற்றப்பட்டுவிட்டதாகக் கூறப்பட்ட பிரான்ஸின் செயின்ட் மாலோ நகருக்குச் சென்றபோது, அங்கு சண்டை தொடர்வதை மில்லர் கண்டார். பின்வாங்காது அங்கேயே தங்கி, முற்றுகையை நேரில் பதிவு செய்தார். பெண் நிருபர்கள் போர்முனைக்குச் செல்லக்கூடாது என்ற விதியை மீறியமைக்காக இராணுவம் அவரைச் சிறிது காலம் தடுத்து வைத்தது.

1945 ஏப்ரலில் புகன்வால்ட் வதைமுகாமுக்கும், அம்மாத இறுதியில் டக்காவு வதைமுகாமுக்கும் அவர் சென்றார். தாம் கண்டவற்றை உண்மையென நம்பும்படி ஆசிரியருக்கு அவர் தந்தி மூலம் மன்றாட வேண்டியிருந்தது. டக்காவுவிலிருந்து மியூனிக் நகருக்குச் சென்று, ஹிட்லரின் வீட்டிலேயே குளியல் தொட்டியில் அமர்ந்த மில்லரை, சக நிருபரான டேவிட் ஷேர்மன் படம்பிடித்தார். வதைமுகாமின் சேறு படிந்த அவரது சப்பாத்துகள் அப்படத்தில் தொட்டியின் முன்னால் காணப்படுகின்றன. அந்த ஏப்ரல் 30 ஆம் திகதியன்றுதான் பேர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார்.

யுத்தம் முடிந்த பின்னரும் மில்லர் உடனடியாக வீடு திரும்பவில்லை. வியன்னாவில் மருந்தின்றி மடிந்த குழந்தைகளையும், ஹங்கேரியின் முன்னாள் பிரதமருக்கு நிறைவேற்றப்பட்ட மரண தண்டனையையும் பதிவு செய்தார். ஆனால் கண்ட காட்சிகள் அவரை விட்டு அகலவில்லை. 1947 இல் பென்ரோஸை மணந்து, மகன் அன்ரனியைப் பெற்றெடுத்து, 1949 முதல் சசெக்ஸ் பிரதேசத்துப் பண்ணை வீட்டில் வாழ்ந்தபோதும், மனச்சோர்வும் மதுப்பழக்கமும் அவரை ஆட்கொண்டன. 1950 களின் நடுப்பகுதிக்குள் எழுத்தையும் புகைப்படத் தொழிலையும் பெரும்பாலும் கைவிட்ட அவர், சமையற் கலையில் ஆறுதல் தேடினார். தமது கடந்த காலத்தைப் பற்றி விசாரித்தவர்களிடம், அதில் பெறுமதியானது எதுவுமில்லை என்ற தோரணையிலேயே பேசி வந்தார். 1977 ஜூலை 21 ஆம் திகதி புற்றுநோயால் அவர் காலமானார்.

அவரது மறைவின் பின்னரே அந்த வீட்டின் பரணில் கிடந்த பெட்டிகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 60,000 புகைப்படங்களும் படச்சுருள்களும், அவற்றோடு யுத்தகாலக் கையெழுத்துப் பிரதிகளும் வெளிவந்தன. தாயை ஒரு குடிகாரியாக மட்டுமே அறிந்து வெறுத்திருந்த மகன், செயின்ட் மாலோ பற்றிய கட்டுரையைப் படித்து வியந்தார். அவரே 1985 இல் தாயின் வரலாற்றை நூலாக்கினார்; 1992 இல் யுத்தகாலக் கட்டுரைகளும் நூலுருப் பெற்றன. 2023 இல் அவரது வாழ்வு திரைப்படமாகவும் வெளிவந்தது.

யுத்தத்தின் இழப்புகளைக் கணக்கிடுவோர், அதைக் கண்டு எழுதியவர்களின் இழப்பைக் கணக்கில் கொள்வது அரிது. மில்லருக்குக் காயமேற்பட்டதாக எந்த இராணுவப் பதிவும் கூறவில்லை. ஆயினும் உலகம் நம்பவேண்டுமென்று எழுதிய அவர், அதன் பின்னர் முப்பது ஆண்டுகள் தம் மகனுடன்கூட அதைப் பகிர்ந்துகொள்ள முடியாதவராக வாழ்ந்தார். அவர் பேசாது விட்டவற்றை, பரணில் கிடந்த அந்தத் தாள்களே இறுதியில் பேசின.