சகோதரர்களைப் பறித்த நோய், மண்ணில் கிடைத்த மருந்து: யார் இந்த யெல்லாப்பிரகட சுப்பாராவ்?

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு நிற சத்து மாத்திரையில் இரும்போடு ஃபோலிக் ஆசிட்டும் இருக்கும். யானைக்கால் நோயைத் தடுக்க ஊழியர்கள் வீடு வீடாக வந்து, கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லிக் கொடுக்கிற மாத்திரைக்கு டிஇசி என்று பெயர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கும், முடக்குவாதத்தால் விரலை மடக்க முடியாத பாட்டிக்கும் டாக்டர்கள் எழுதித் தருவது மெத்தோட்ரெக்ஸேட். உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்தால் டாக்ஸிசைக்ளின்.

நாலும் நாலு விதமான நோய்க்கு. ஆனால் நாலின் பூர்வீகத்தையும் தேடிக்கொண்டு போனால், நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரில் 1940களில் இயங்கிய ஒரே ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் போய் நிற்போம். லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் கூடம் அது. அதன் ஆராய்ச்சித் தலைவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பெயர் யெல்லாப்பிரகட சுப்பாராவ். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அதற்கும் காரணம் இருக்கு, பிறகு பார்ப்போம்.

பீமாவரத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

1895 ஜனவரி 12 அன்று, அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமாவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திரப் பிரதேசம். வசதியான குடும்பம் கிடையாது. படிப்பும் சுலபமாக வரவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது முறைதான் தேறினார். அப்பா இறந்த பிறகு, பையன் படித்தே ஆக வேண்டும் என்று அம்மா வெங்கம்மா நகைகளை விற்றுப் பணம் கட்டினார்.

பையனுக்கோ ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக ஆசை. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. கல்யாணமும் ஆனது, மனைவி பெயர் சேஷகிரி. மாமனார் படிப்புச் செலவுக்கு உதவினார்.

கல்லூரியில் ஒரு சம்பவம் அவருடைய போக்கையே மாற்றியது. காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். பிரிட்டிஷ் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார். அரசு மருத்துவப் பணியின் கதவும் அதோடு மூடிக்கொண்டது.

அந்தக் காலகட்டத்தில்தான் குடும்பத்தில் அந்த இடி விழுந்தது. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு அவருடைய இரண்டு சகோதரர்கள் அடுத்தடுத்து பலியானார்கள். சாப்பிடுகிற சாப்பாட்டின் சத்து உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு நிற்காது. ரத்தம் குறைந்து ஆள் உருக்குலைந்து போவார். அப்போதைய மேற்கத்திய மருத்துவத்தில் அதற்கு உருப்படியான மருந்து இல்லை.

சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. அவரைத் தேற்றியவர் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி. (சென்னை எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை இருக்கிறதே, அந்த ருக்மணியின் கணவர்.) குணமான சுப்பாராவ், மெட்ராஸ் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியராகச் சேர்ந்தார். எல்எம்எஸ் வாங்கிய அலோபதி டாக்டர், மூலிகைகளுக்கு நடுவில். எதனால் பிழைத்தோம், சகோதரர்கள் எதனால் பிழைக்கவில்லை என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். மாமனாரும் காக்கிநாடாவின் ஓர் அறக்கட்டளையும் தந்த பணத்தோடு, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

அப்போது சேஷகிரி கர்ப்பிணி. பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டான், அப்பா அவனைப் பார்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று போனவர் திரும்பவேயில்லை. கணவனும் மனைவியும் அதன் பிறகு சந்திக்கவில்லை. சுப்பாராவின் சாதனைகளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போவது வழக்கம். அந்த ஆராய்ச்சிக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டும் இல்லை.

ஹார்வர்டில் பதினேழு, பதினெட்டு வருஷம்

ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். கையில் காசில்லை. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே படித்தார். பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க்கிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் முறையை இருவரும் 1925ல் வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தசைகளை ஆராய்ந்தபோது, 1927ல் பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. 1929ல் ஏடிபி. செல் எந்த வேலை செய்தாலும் அதற்கான ஆற்றலைத் தரும் சில்லறைக் காசு என்று ஏடிபியைச் சொல்லலாம். நீங்கள் கண் சிமிட்டுவதற்கும் அதுதான் செலவாகிறது. அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1988ல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் அந்தத் துறையில் மாணவராக இருந்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களை ஃபிஸ்க் பொறாமையால் வெளியே வரவிடவில்லை, அவற்றைப் பிற்பாடு மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று பின்னாளில் அவர் சொன்னார். 1940ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு லெடர்லிக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் கிடைக்காத ஆளும் பணமும் இங்கே கிடைத்தது.

கீரையில் தொடங்கிய வைட்டமின்

ஃபோலிக் ஆசிட் கதை ஒருவகையில் பம்பாயில் தொடங்கியது. பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகை, ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் சரியாவதை பிரிட்டிஷ் மருத்துவர் லூசி வில்ஸ் 1930ஐ ஒட்டிக் கவனித்தார். ஈஸ்ட்டில் ஏதோ இருக்கிறது. என்ன அது? 1941ல் அமெரிக்காவில் வேறொரு குழு, டன் கணக்கில் பசலைக் கீரையை அரைத்து ஒரு பொருளைத் துளியளவு பிரித்தது. இலைக்கான லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் ஆசிட் என்று பெயரிட்டது.

டன் கணக்கில் கீரை அரைத்தால் துளியளவு. இப்படியிருந்தால் நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? செடியிலும் நுண்ணுயிரிலும் மருந்து தேடுகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டு, ஆலையில் செய்ய முடிந்தால்தான் அது மருந்து. சுப்பாராவ் வேதியியலாளர்களைப் பெரும் படையாகத் திரட்டி அந்தச் சுவரைத் தாண்டினார். 1945ல் லெடர்லி குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டது. கொடுத்துப் பார்த்ததில் ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகையும் தேறியது.

அங்கிருந்து ஒரு கிளைக்கதை. ஃபோலிக் ஆசிட் இல்லாமல் செல்கள் பெருக முடியாது. அப்படியென்றால், அதைப் போலவே உருவம் கொண்ட போலி ஒன்றைக் கொடுத்தால் தறிகெட்டுப் பெருகும் புற்றுநோய்ச் செல்லை ஏமாற்றலாமே? பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்கு அந்தப் போலிகளைச் செய்து அனுப்பியது சுப்பாராவின் கூடம். அமினோப்டெரின் கொடுத்த 16 ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதாக 1948ல் ஃபார்பர் அறிவித்தார். அதுவரை அந்த நோய் வந்த குழந்தைகளுக்குச் செய்ய ஒன்றுமே இருந்ததில்லை. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். யானைக்கால் நோய்க்கான டிஇசியை அதே கூடம் 1947ல் அறிவித்தது.

ஒரு கைப்பிடி மண்

முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனை இருக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிர்கள். இடத்துக்கும் உணவுக்கும் அடித்துக்கொள்ளும் மண்ணுலகில், பக்கத்துக் கிருமிகளை ஒடுக்கும் ரசாயனங்களை இவை சுரக்கும். 1943ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்ததும் இந்த இனத்திலிருந்துதான். அதுவோ ஊசியாகப் போட வேண்டிய மருந்து. பெனிசிலினுக்கோ பல கிருமிகள் அசையவே இல்லை. வாய்வழி சாப்பிடும்படியாக, பல கிருமிகளைத் தாக்கும் ஒன்று வேண்டும் என்பது சுப்பாராவ் குழுவின் இலக்கு.

இந்தத் தேடலுக்கு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் வந்து சேர்ந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஊர் ஊராகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி, கொஞ்சம் மண் அனுப்பச் சொன்னார்.

வேலை எப்படி நடக்கும்? மண்ணை நீரில் கரைத்து, மேலும் மேலும் நீர்க்கவைத்து, அகர் தட்டில் பரப்புவார்கள். சில நாளில் புள்ளி புள்ளியாக நுண்ணுயிர்கள் முளைக்கும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து வளர்த்து, அருகில் நோய்க்கிருமியைக் கோடாக இழுத்துவிடுவார்கள். கோடு பாதியில் நின்றுவிட்டால் இவன் ஏதோ சுரக்கிறான் என்று பொருள். பெரும்பாலும் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒன்று எலியையும் சேர்த்துக் கொல்லும், இல்லாவிட்டால் ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருக்கும். ஆயிரக்கணக்கான மாதிரிகளை இப்படிச் சலித்தார்கள்.

1945ல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் வில்லியம் ஆல்பிரெக்ட் சில மாதிரிகள் அனுப்பினார். 1888 முதல் பயிர்ச் சோதனை நடக்கும் சான்பார்ன் வயலின் மண் அது. 23ஆம் பாத்தியில், புல் வளர்ந்த மண்ணில், தங்க நிறத்தில் ஒரு நுண்ணுயிர் முளைத்தது. அது சுரந்த மஞ்சள் பொருளுக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் தங்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தவர் நியூயார்க் ஹார்லெம் மருத்துவமனையின் கறுப்பின அறுவை மருத்துவர் லூயிஸ் ரைட். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை இதுதான். டெட்ராசைக்ளினும் டாக்ஸிசைக்ளினும் பின்னால் வந்தவை. 1994ல் சூரத்தில் பிளேக் பீதி பரவியபோது மருந்துக்கடைகளில் ஜனங்கள் போட்டி போட்டு வாங்கித் தீர்த்தது டெட்ராசைக்ளினைத்தான்.

சுப்பாராவ் இறந்த பிறகு, இதே மருந்தைக் கலந்த தீவனம் கோழிகளை வேகமாக வளர்க்கிறது என்று லெடர்லியிலேயே கண்டுபிடித்தார்கள். பண்ணைகளில் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொட்டும் பழக்கமும், மருந்துக்கு மசியாத கிருமிகள் பற்றிய இன்றைய கவலையும் அங்கே கிளைவிட்டவை.

இனி, சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு வருவோம். இன்று அதற்கு டாக்டர்கள் கொடுக்கும் வழக்கமான சிகிச்சை இரண்டு மருந்து: ஃபோலிக் ஆசிட், கூடவே சில மாதங்களுக்கு டெட்ராசைக்ளின். ஒன்று சுப்பாராவின் கூடத்தில் தயாரானது. மற்றொன்றின் மூதாதை அதே கூடத்தில் மண்ணிலிருந்து வந்தது.

ஏன் பெயர் தெரியவில்லை?

ஆரியோமைசினைக் கண்டுபிடித்தவர் சுப்பாராவ் என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. நுண்ணுயிரைக் கண்டெடுத்தவர் டக்கர், காப்புரிமையும் அவர் பெயரில்தான். எதைத் தேட வேண்டும், யாரை வைத்துத் தேட வேண்டும் என்று தீர்மானித்து, தேடலை நடத்தியவர் சுப்பாராவ். பரிசுக் குழுக்களும் பாடநூல்களும் இந்த வகை உழைப்புக்குப் பெயர் வைப்பதில்லை. போதாததற்கு, அவரே மேடைகளைத் தவிர்க்கும் சுபாவம் கொண்டவர். இந்தியாவில் அவர் இல்லை, அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகவில்லை. இரண்டு நாடும் தன் ஆள் என்று உரிமை கொண்டாட அவசரப்படவில்லை.

ஆரியோமைசின் 1948 ஜூலையில் நியூயார்க்கில் விஞ்ஞானிகள் முன் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 53.

பிறந்து நூறாண்டு ஆன 1995ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதற்கு வெகு முன்பே, 1953ல், ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று அவர் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அது கிடைத்தது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வடிப்பான் ஒன்றில்.