நீதியாசனத்திலிருந்த அருணாசலம்

ஈழநாடு ஈன்ற பெரியார்களுள் ஒருவரான சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களை அரசியற் தலைவராகவே பலரும் அறிவர். அவர் பல்லாண்டு நீதியாசனத்தில் அமர்ந்தவர் என்பதை இளைஞராகிய நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம்.

கேற் முதலியார் பொன்னம்பலத்துக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மைந்தராக 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமன், இராமநாதன் தமையனார். கொழும்பு அக்கடமியிற் கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், போட்டிப் பரீட்சை மூலம் 1875இல் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் ஆனார். பாரிஸ்டருமானார். நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றினார். அவருடைய நீதித் திறனைப் பிரதம நீதியரசராயிருந்த சேர் ஜோன் பியர் வெகுவாக மெச்சினார். 1887இல் தேசாதிபதி கோர்டன், மூப்பிற் கூடிய பலரைத் தாண்டி, அவரைப் பதிவாளர் நாயகமாக்கினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பும் அவர் கையாலேயே நடந்தது.

1913இல் இளைப்பாறினார். வீட்டிலிருந்து திருவாசகம் ஓதிக் காலங் கழித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை எதிர்த்து உழைத்தார். தண்டனைத் தீர்ப்பு எழுதிய கைக்குத்தான் அச்சட்டத்தின் கொடுமை தெரியும் போலும்!

மேல்மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதற்குத் துணைநிற்பதாக ஜேம்ஸ் பீரிசும் சமரவிக்கிரமவும் 1918இல் எழுத்தில் வாக்களித்தனர். அதனை நம்பியே அருணாசலம் தமிழரையும் சேர்த்து, 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவரானார். அவ்வாக்கு நிறைவேறவில்லை. 1921இல் காங்கிரசை விட்டு வெளியேறினார். பொறுத்திருந்திருக்கலாம் என்பாரும் உளர். ஒப்பமிட்ட எழுத்தை வாழ்நாள் முழுதும் பிரமாணமாகக் கொண்ட நீதிபதியிடம் அதை எதிர்பார்ப்பது எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. பேராதனையில் அருணாசலம் விடுதியும் ஜேம்ஸ் பீரிஸ் விடுதியும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. அங்கு வசிக்கும் மாணவருட் பலருக்கு இவ்வழக்கே தெரியாது.

1923இல் இலங்கைத் தமிழ் மகாசன சங்கத்தை நிறுவினார். அதை வளர்க்க அவருக்கு நாளிருக்கவில்லை. தல யாத்திரை சென்றவர், 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் மதுரையிலே சிவபதம் அடைந்தார்.