டாக்டர் ரஃபியுதீன் அகமது: இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் முன்னோடி

முத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடிக் கரையில் வாழும் நீங்கள் அறிந்திருக்கக்கூடும்: காடியில் இட்ட முத்து ஒளியிழந்து கரையும்; கரைந்தது மீளாது. பல்லின் மேலுறையாகிய பற்சிப்பியும் அமிலத்தால் தாதுக்களை இழக்கிறது. ஆயினும் குழி விழுவதற்கு முன் கவனித்தால், உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் மீண்டும் அதில் படிந்து அதனை உறுதிப்படுத்தும். இந்த அறிவு நம் ஊர் மருத்துவமனைகளை எட்ட, முதலில் பயிற்சி பெற்ற பல் மருத்துவர்கள் உருவாக வேண்டியிருந்தது.

அப்பணியைத் தொடங்கியவர் 1890 டிசம்பர் 24 அன்று கிழக்கு வங்கத்தில் பிறந்த ரஃபியுதீன் அகமது. அலிகாரில் பயின்றபின் அமெரிக்கா சென்று, 1915-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு 1919-இல் தாயகம் திரும்பினார். மறு ஆண்டே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் நிறுவினார். அதற்கான தொடக்க நிதி, அவர் நடத்திய 'நியூயார்க்கர்' என்னும் சோடாக் கடையிலிருந்து வந்தது. சர்க்கரையும் அமிலமும் கலந்த பானம் பற்சிப்பிக்குப் பகை என்பதை நினைத்தால் இது வியப்பான செய்தியே.

1925-இல் பல் மருத்துவ இதழைத் தொடங்கினார். 1939-இல் வங்காளத்திலும் 1948-இல் நாடு முழுவதற்கும் பல் மருத்துவர் சட்டங்கள் இயற்றப்பட்டதில் அவர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1949-இல் தம் கல்லூரியை அரசிடமே ஒப்படைத்தார். பின்னர் மேற்கு வங்க அமைச்சராக இருந்தார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்று, 1965-இல் மறைந்தார்.

ஃபுளோரைடு வார்னிஷ் ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்தது அவரது இறுதி ஆண்டுகளில்தான். இன்று உங்கள் குழந்தையின் பல்லில் ஈறோரமாகச் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டு தென்பட்டால், அதனைச் சொத்தையின் முதல் அறிகுறியாகக் கருதி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தேவைக்கேற்ப 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வார்னிஷ் பூசுவார். நாள்தோறும் இருமுறை ஃபுளோரைடு பற்பசையால் துலக்கச் செய்யுங்கள். 3 வயதுக்குட்பட்டோருக்கு அரிசியளவும், 6 வயது வரை பட்டாணியளவும் போதும். கரித்தூளும் செங்கல் பொடியும் பற்சிப்பியைத் தேய்த்துவிடும். குழி விழுந்துவிட்டால் அடைத்தே ஆக வேண்டும்.

வெண்திட்டுகள் எல்லாம் சொத்தையல்ல. பல பற்களில் ஒரே சீராகத் திட்டுகளோ பழுப்புக் கறையோ இருப்பின், குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்திருக்கலாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். கிணற்று நீரைப் பருகும் குடும்பங்கள் நீரைப் பரிசோதித்து, அதன் முடிவுடன் அரசு மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவை அணுகவும்.