வித்தியாசாகரின் மருந்துப் பெட்டி

கைம்பெண் மறுமணத்துக்கு 1856-இல் சட்ட ஏற்புக் கிடைக்கப் போராடியவர் என்ற அளவில் ஈஸ்வர சந்திர வித்தியாசாகரை நாம் அறிவோம். அவரைத் தீராத தலைவலி வாட்டியதும், அதனால் அவர் ஹோமியோபதி மருத்துவரானதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1820-இல் வங்கத்தின் வீர்சிங்க கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக உயர்ந்து, 1858-இல் அப்பதவியைத் துறந்தவர். அவரது தலைவலியைப் போக்கியவர் ராஜேந்திரலால் தத்தா என்னும் செல்வந்தர். வணிகக் குடும்பத்தில் பிறந்து, ஹோமியோபதியில் நாட்டம் கொண்டு, நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமல் மருந்தளித்தவர் அவர். தத்தாவின் சிகிச்சைகளைக் கண்ட பிறகே, ஹோமியோபதியை எள்ளி நகையாடிய டாக்டர் மகேந்திரலால் சர்க்காரும் 1867-இல் மனம் மாறி, சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார்.

ஒருவருக்குத் தலைவலி நீங்கியது மருந்தின் ஆற்றலுக்குச் சான்றாகிவிடாது. தலைவலி வருவதும் தானாக விலகுவதும் உண்டு. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பரிசீலித்த ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், ஹோமியோபதி எந்த நோய்க்கும் பயன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லையென 2015-இல் அறிவித்தது. எனினும், வித்தியாசாகரின் காலத்தை மறந்துவிட்டு அவரை மதிப்பிடலாகாது. இரத்தத்தை வடிப்பதும், பாதரச உப்பைப் பேதிக்குக் கொடுப்பதும் அன்றைய ஆங்கில மருத்துவத்தில் வழக்கம். அவற்றோடு ஒப்பிட, இனிப்பு உருண்டைகள் தீங்கேனும் செய்யவில்லை.

நலம் பெற்றதோடு அவர் நின்றுவிடவில்லை; நூல்களை வாங்கிப் பயின்று, தாமே மருந்தளிக்கத் தொடங்கினார். நகரத்துப் படித்தவர்கள்மீதும் உறவினர்மீதும் கசப்புற்று, இறுதிக் காலத்தின் பெரும்பகுதியைச் சந்தால் பழங்குடியினர் வாழும் கர்மாட்டாரில் கழித்தார். மருத்துவரே எட்டிப்பாராத அவ்வூரில் அவரது வீடே மருந்தகமாயிற்று.

அங்கு விருந்தினராகச் சென்ற அறிஞர் ஹரப்பிரசாத் சாஸ்திரி ஒரு நாள் நிகழ்வைப் பதிவு செய்திருக்கிறார். காலையில் சந்தால்கள் கொண்டுவந்த மக்காச்சோளத்தை, அவர்கள் கேட்ட விலைக்கே, பேரம் பேசாமல் வாங்கிக் குவித்தார் வித்தியாசாகர். பிறகு அவரைக் காணவில்லை. தேடியபோது, வயல் வரப்பின்மீது வியர்வை வழிய விரைந்து வந்துகொண்டிருந்தார். மூக்கில் இரத்தம் கொட்டும் மகனுக்காக ஒரு சந்தால் பெண் வந்து அழைக்க, மருந்தோடு நடந்தே போய்த் திரும்பியிருக்கிறார். சற்று நேரத்தில் பசியோடு சந்தால்கள் முற்றத்தில் கூடினர். காலையில் வாங்கிய சோளத்தையெல்லாம் சுட்டுத் தின்ன அவர்களிடமே எடுத்துக் கொடுத்தார்.

1891-இல் கல்கத்தாவில் அவர் மறைந்தார். கர்மாட்டார் ரயில் நிலையத்துக்கு இன்று வித்தியாசாகர் என்பதே பெயர்.