தலைமாட்டில் ஒரு நூலகம்

ஒரு கேம்பஸ்ல ரொம்ப முக்கியமான இடத்தை நீங்க எதுக்குக் கொடுப்பீங்க? அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அது தேவாலயம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு வரைபடம் போட்ட தாமஸ் ஜெபர்சன் அங்கே நூலகத்தை வெச்சார்.

1743-ல் பிறந்தவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனம், 1801 முதல் 1809 வரை ஜனாதிபதி பதவி எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடலாம். அதுக்கப்புறம் வர்ற ஜெபர்சனைத்தான் எனக்குப் பிடிக்கும். எழுபது வயசு தாண்டின பிறகு ஒரு பல்கலைக்கழகத்தையே டிசைன் பண்றார். கட்டடக்கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கல. புத்தகம் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்.

நடுவில் நீளமான புல்வெளி. ரெண்டு பக்கமும் சேர்த்துப் பத்து வீடுகள்: கீழே வகுப்பு, மாடியில் பேராசிரியர் குடும்பம். வீடுகளுக்கு நடுவே மாணவர் அறைகள். (புரொபசர் பக்கத்துலயே குடியிருக்கிற ஹாஸ்டலை நினைச்சுப் பாருங்க!) தலைமாட்டில் ரொட்டண்டா. ரோமில் இருக்கிற பாந்தியனைப் பாதி அளவுக்குச் சுருக்கி, குவிமாடத்துக்குக் கீழே புத்தகங்கள்.

என்னை ரொம்ப இழுத்தது தோட்டச் சுவர்தான். பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். தடிமன் ஒரே ஒரு செங்கல். அதே தடிமன்ல நேரா கட்டினா சாஞ்சுடும், வளைவுதான் தாங்குது. மொமென்ட் ஆஃப் இனர்ஷியா படிச்சவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டாம். இங்கிலாந்துல ஏற்கெனவே இருந்த உத்திதான், அவர் கண்டுபிடிப்பு இல்லை.

சரி, அந்தச் செங்கல்லை அறுத்தது யார்? மண்ணை வெட்டி, மிதிச்சு, சூளை போட்டவங்கள்ல பலர் அடிமைகள். மனிதர்கள் எல்லாரும் சமம்னு எழுதின அதே ஜெபர்சன், தன் வாழ்நாள்ல 600-க்கும் மேற்பட்டவங்களை அடிமையா வெச்சிருந்தார். இது தெரிஞ்ச பிறகு அந்தச் சுவரை வெறும் கணக்கா என்னால பார்க்க முடியல.

1825 மார்ச்சில் வகுப்புகள் தொடங்கின. அக்டோபர்லயே மாணவர்கள் முகமூடி போட்டுக் கலாட்டா பண்ணி, பேராசிரியர்களைத் தாக்கினாங்க. விசாரிக்க வந்த ஜெபர்சனுக்கு அப்போ 82 வயசு. பேச எழுந்தவர் வார்த்தை வராம அழுது உட்கார்ந்துட்டார். கலாட்டா பண்ணினவங்கள்ல அவர் சொந்தக்காரப் பையனும் ஒருத்தன்.

1826 ஜூலை 4-ல் இறந்தார். ரொட்டண்டா அப்போ முழுசா முடியல. கல்லறையில் என்ன பொறிக்கணும்னு அவரே எழுதி வெச்சிருந்தார்: சுதந்திரப் பிரகடனம், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், இந்தப் பல்கலைக்கழகம். ஜனாதிபதியா இருந்தது அதுல இல்லவே இல்லை.

அவர் விட்டுட்டுப் போன கடனுக்காக, 1827 ஜனவரியில் அவர் வீட்டு அடிமைகள் 130 பேரை ஏலத்துக்குக் கொண்டு வந்தாங்க.

ரொட்டண்டா பக்கத்துல இப்போ வட்டமான கருங்கல் நினைவிடம் ஒண்ணு இருக்கு. அந்தக் கேம்பஸ்ல உழைச்ச சுமார் 4,000 அடிமைகளுக்காக. பேர் தெரிஞ்சவங்க பேரைக் கல்லுல செதுக்கியிருக்காங்க. மத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கோடு.