எலினர் மார்க்ஸ் அம்மையார்

காரல் மார்க்ஸ் என்னும் பெயரைக் கேளாதார் நம் அங்கத்தினருள் இலர். அப்பேரறிஞரின் கடைசிப் புதல்வியாகிய எலினர் அம்மையாரை அறிந்தாரோ மிகச் சிலர். தந்தையின் பெரும் புகழ் மகளின் தொண்டை மறைத்துவிட்டது என்பதே நம் கருத்து. ஆதலின் இவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1855-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ம் தேதி இலண்டன் மாநகரத்து ஸோஹோ பகுதியில், வறுமை குடிகொண்ட இல்லத்திற் பிறந்தார். பள்ளிப் படிப்பு சொற்பமே. ஷேக்ஸ்பியர் நாடகங்களை வீட்டிலே கேட்டு வளர்ந்தார். தக்க வயது வந்ததும் தந்தையாருக்குக் காரியதரிசியாய் அமர்ந்தார். பிளாபர் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் மதாம் பொவாரி நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886-ல் வெளியிட்டார். இப்ஸன் நாடகங்களின் பொருட்டு நார்வே மொழியைக் கற்றார். கிழக்கு இலண்டனில் உழைத்த யூத ஏழைகளோடு உரையாடும் பொருட்டு யித்திஷ் மொழியையும் கற்றார். இவ்விரண்டாவது படிப்பையே நாம் பெரிதாக மதிக்கின்றோம்.

1889-ம் வருஷத்தில் இலண்டன் எரிவாயுச் சாலைத் தொழிலாளர் சங்கம் கூட்டி, பன்னிரண்டு மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்துக்கொண்டனர். அவர்தம் தலைவர் வில் தார்ன், ஆறு வயதிலேயே கூலி வேலைக்குச் சென்றவர். எழுத்து வாசனை மிகக் குறைந்தவர். அம்மையார் அவருக்கு எழுத்தும் வாசிப்பும் செம்மைப்படக் கற்பித்ததுடன் சங்கத்தின் கணக்கு வழக்குகளிலும் உதவினார். அவ்வருஷமே ஸில்வர்டவுன் ரப்பர் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. அங்கே பெண்களும் வேலை செய்து வந்தனர். பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் முதலாளி, அதையே காட்டி ஆணின் கூலியையும் குறைத்துவிடுவான். ஆகவே இருபாலாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்து நிற்றல் வேண்டுமென்பது அம்மையாரின் உறுதி. பெண்களுக்கென அச்சங்கத்தின் கிளையொன்றை அங்கு நிறுவித் தாமே காரியதரிசியானார். ஏறக்குறைய மூன்று மாதம் நடந்த அப்போராட்டம் பசியினால் தோற்றது. ஆயினும் அடுத்த வருஷம் அச்சங்கத்தார் இவரைத் தம் நிர்வாக சபைக்குத் தேர்ந்தெடுத்தனர். 1890 மே 4-ம் தேதி ஹைடு பூங்காவிற் கூடிய பெருந்திரளின் முன்னும் இவர் பிரசங்கித்தார்.

இல்வாழ்வு இவருக்கு இனிக்கவில்லை. 1884 முதல் கணவனாகவே கருதி உடன் வாழ்ந்த எட்வர்டு அவெலிங், 1897-ல் வேறொருத்தியை மறைவாக மணந்தார். அடுத்த வருஷம் மார்ச்சு 31-ம் தேதி, நாற்பத்துமூன்றாம் வயதில், அம்மையார் தம் உயிரைத் தாமே நீத்தார். இம்முடிவையே விரித்தெழுதி, ஸில்வர்டவுனை இரண்டு வரியிற் கடந்து செல்வார் பலர். அது முறையன்று.

இறுதிச் சடங்கிற் பேச எழுந்த வில் தார்ன், அழுகையினால் நாத்தழுதழுத்து நின்றார். அம்மையாரின் சாம்பல் நெடுங்காலம் கட்சி நிலையங்களிலே இருந்து, 58 ஆண்டுகள் கழித்து, 1956-ல்தான் ஹைகேட் இடுகாட்டில் தந்தையார் கல்லறையிற் சேர்க்கப்பட்டது.